ஏழில் ஒன்று

கேதுகு
3 நவம்பர் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

பொழுது அமைதியாகப் போகிறதா? முழங்கால் வலி குறைந்ததா? கடலை பிடுங்கி முடித்துவிட்டீர்களா? இங்கே நானும் அவரும் உங்கள் பேத்திகள் இருவரும் அமைதியாக இருக்கிறோம். சின்னவளை மட்டும் மலேரியா ஒரு வாரம் படுக்க வைத்து எழுப்பிவிட்டது.

என் வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகள். பின்னம் நடத்தி நடத்தி என் தொண்டை போய்விட்டது. மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டால் அத்தனை வாயும் நாலில் ஒன்றுதான் என்கின்றன. நாலு பெரிய எண்ணாம். கரும்பலகையில் வட்டம் போட்டு வெட்டிக் காட்டினாலும் ஏறவில்லை. அதனால் படக்கதைப் புத்தகம் ஒன்று தயாரித்திருக்கிறேன். ஒரு வீட்டில் எல்லாரும் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாருக்கு எத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் கதை. வீடு நம் வீடு. நான் சின்னவளாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. அப்பா, பெந்தா அத்தை, அண்ணன்கள் வாலி, லத்தீர், நான், தம்பி ஜெகான் என்று ஆறு பேர். நீங்கள் சமையலறை வாசலில் உங்கள் தனிச் சட்டியோடு இருக்கிறீர்கள். எனக்கு நினைவு தெரிந்து நீங்கள் சஹனில் உட்கார்ந்ததே இல்லையே.

படங்களை உடன் வேலை செய்யும் ஆசிரியை வரைந்தாள். இதைப் பள்ளி ஆய்வாளர் ஏற்றுக்கொண்டால் எல்லாப் பள்ளிகளுக்கும் அச்சடிப்பார்கள். இதை நடத்தச் சொல்லிக்கொடுக்க என்னைக் கவுலாக்குக்கு மாற்றுவதாகவும் சொல்லியிருக்கிறார். இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வர இரண்டு நாள் சாலை. பிரதியைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். தப்பு ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும் மகள்,
தெனிங்

கேர் சாம்பா
1 டிசம்பர் 1997

மகள் தெனிங்குக்கு அம்மா ஞிலான் எழுதுவது. நீ அமைதியா, உன் வீட்டுக்காரர் அமைதியா, பிள்ளைகள் அமைதியா? இங்கே அமைதி. ஆடு ஒன்று செத்தது, வேறு குறையில்லை. சின்னவளுக்கு வேப்பிலை அவித்துக் கொடு. மாத்திரையை மட்டும் நம்பாதே.

ஓட்டுநர் உன் புத்தகத்தைத் தேன் டின்னுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கவே ஒரு நாள் ஆனது. பெண்கள் வகுப்பில் இரண்டு கோடை உட்கார்ந்து கற்ற எழுத்து என் எழுத்து, அதனால் மெதுவாகத்தான் படிப்பேன். மெதுவாகப் படிப்பவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சஹன் நீலமில்லை. வெள்ளை எனாமல், பச்சை விளிம்பு, ஒரு பக்கம் உதிர்ந்திருக்கும். உன் அத்தை புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தபோது அவள் தலையில் வந்த சஹன் அது. வெட்டுக்கிளி வந்த வருஷம், ஒரு புதன்கிழமை. அந்தச் சஹனையும் அவள் நாக்கையும் தவிர வேறொன்றும் அவள் கொண்டுவரவில்லை.

சோற்றில் கோடு கிழித்திருக்கிறாயே, அது என்ன கடலை வயலா? அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. கோடு கண்ணுக்குத் தெரியாது, தாண்டினால் கைமேல் அடி விழும், அவ்வளவுதான். பெந்தா எல்லாருக்கும் சமமாகப் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். சமமாம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மூன்றாம் நாள் மீனின் நடுத்துண்டு யார் முன்னால் விழுந்தது, வால் யார் முன்னால் விழுந்தது என்று எனக்குத் தெரியும். நாத்தனார் கையில் கரண்டி இருக்கும் வீட்டில் சமம் என்ற சொல்லுக்கு வேலையில்லை.

அதெல்லாம் போகட்டும். இரண்டாம் பக்கத்தில் பெந்தா ஒவ்வொரு பிள்ளை தலையிலும் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடு. எந்த வீட்டில் வளர்ந்தாய் நீ? பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் கடவுளின் குச்சிகள் இத்தனை என்று சொல்வோமே தவிர, தலையை எண்ணுவோமா? குச்சியை எண்ணலாம். தலையை எண்ணினால் அது கேட்கக் கூடாதவர் காதில் விழும்.

இன்னொன்று. உன் கணக்கே தப்பு. அந்தச் சஹனில் ஏழு பேர். ஆறில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்குச் சொந்த வீட்டை எண்ணத் தெரியவில்லை.

வேறு விசேஷமில்லை. கடவுள் உன்னைக் காக்கட்டும்.
ஞிலான்

கேதுகு
20 டிசம்பர் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லாரும் நலமென்று நம்புகிறேன். இங்கே நலம். பள்ளி விடுமுறை என்பதால் தொண்டையும் நலம்.

சஹனை வெள்ளையாக்கிவிட்டேன். கோட்டைப் புள்ளிகளாக்கிவிட்டேன். விரலையும் எடுத்துவிட்டேன். ஆனால் அம்மா, எண்ணாமல் பின்னம் எப்படி நடத்துவது, நீங்களே சொல்லுங்கள். என் வகுப்பில் இதே தொல்லைதான். படத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் "குச்சிங்க ஆறு, டீச்சர்" என்கிறார்கள். ஒருவருக்கு என்ன பங்கு என்று பரீட்சையில் கேட்டால் "ஆறு குச்சியில் ஒரு குச்சி" என்று எழுதி வைக்கிறார்கள். ஆய்வாளர் சிவப்பு மையால் முப்பது தாளைச் சுழித்துவிட்டு, இங்கே விறகு வியாபாரமா நடக்கிறது என்று என்னைக் கேட்டார். பிள்ளைகளைத் திட்டவும் முடியவில்லை. எனக்குள்ளும் அதே குச்சிதானே இருக்கிறது.

ஏழு என்று நீங்கள் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்துவிட்டது. உங்களை வாசலில் உட்கார வைத்தது என் தப்பு. இப்போது உங்களை அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் வைத்து வரையச் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறீர்கள். படம் நன்றாக வந்திருக்கிறது, அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தெனிங்

கேர் சாம்பா
11 ஜனவரி 1998

தெனிங்குக்கு,

அமைதியா? இங்கே அமைதிதான். முழங்கால் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது.

பெந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறேனாம். படத்தைப் பார்த்தேன். பல்லெல்லாம் தெரிகிறது. எனக்கு முன்பல் இரண்டு இல்லாமல் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

எனக்கு இடம் கேட்டு நான் எழுதவில்லை, பெண்ணே. அந்தச் சஹனை விட்டு யாரும் என்னைத் துரத்தவில்லை. என் காலால் எழுந்து போனேன். ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் என்னைத் திரும்ப உட்கார வைத்துப் பொய்க்காரி ஆக்காதே. என்னை எடுத்துவிடு. எடுத்த பிறகும் ஏழுதான்.

நீ கவுலாக்குக்கு மாற்றலாகி வருவது எனக்கு வேண்டாமா? அங்கிருந்து இங்கே அரைநாள். வெள்ளிக்கிழமைதோறும் பேத்திகளைப் பார்ப்பேன். பெரியவள் என்னைப் பற்றி "அந்தக் கிழவி யாரு" என்று கேட்டாளாமே, உன் அண்ணன் வாலி சொன்னான். என்னை அறியாமல் வளர்கிறது பிள்ளை. வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் தப்பான கணக்கை எழுதிவிட்டு நீ வரவேண்டாம்.

அமைதியாக இரு.
ஞிலான்

கேதுகு
2 பிப்ரவரி 1998

அம்மா,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் நலம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது, மன்னியுங்கள். நீங்கள் இல்லையென்றால் ஏழாவது யார்? வாலி அண்ணனிடம் கேட்டு எழுதினேன், அம்மாவையே கேள் என்கிறார். லத்தீரும் அப்படியே. விருந்தாளிக்கு எடுத்து வைத்த பங்கா? பக்கத்து வீட்டுக் கிழவரா? ஏப்ரல் கடைசிக்குள் நான் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள், வரைந்துவிடுகிறேன்.

தெனிங்

கேதுகு
28 பிப்ரவரி 1998

அம்மா,

நலமா? கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாக ஓட்டுநர் சொல்கிறான். பதில் வாங்கி வரச் சொன்னேனே என்றதற்கு, நீங்கள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டதாகவும், வெளியே வரவில்லை என்றும் சொன்னான். அவன் ஒரு மணி நேரம் காத்திருந்தானாம். பயணிகள் திட்டினார்களாம்.

பெந்தா அத்தையைக் கேட்டு எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

தெனிங்

கவுலாக்
15 மார்ச் 1998

என் தம்பி மகள் தெனிங்குக்கு, அத்தை பெந்தா சொல்லி, சந்தை வாசலில் மனு எழுதுகிறவர் எழுதியது. நீ அமைதியா, உன் பிள்ளைகள் அமைதியா? எனக்குக் கண் மங்கிவிட்டது; மற்றதெல்லாம் அமைதி.

உன் அம்மாவிடம் கேட்டாயாமே. அவள் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. உனக்கு ஒரு அக்கா இருந்தது உனக்குத் தெரிந்திருக்கும், அம்மையில் போனது என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். யாந்தே. வாலிக்கு அடுத்தவள், ஐந்து வயது. நீ அப்போது உன் அம்மா முதுகில், கைக்குழந்தை.

மழை பொய்த்த வருஷம். அரசாங்கம் சோளம் கொடுத்தது, வாய்க்கு ஒரு மரக்கால். உன் அப்பா ஊரில் இல்லை. நோட்டோடு வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். கடவுளின் குச்சிகள் என்று நான் தொடங்கினேன். "குச்சிக்கெல்லாம் தானியம் கிடையாதும்மா, ஆளைக் காட்டு" என்றார். பின்னால் அவ்வளவு நீள வரிசை. நான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தலையில் விரல் வைத்து எண்ணினேன். வாலி, யாந்தே, லத்தீர், முதுகிலிருந்த நீ. பிறகு ஊரில் இல்லாத உன் அப்பாவையும் சேர்த்துப் பெரியவர்கள் மூன்று. ஏழு. ஏழு மரக்கால் அளந்தார்.

ஒன்பதாம் நாள் யாந்தே போய்விட்டாள். அந்த வருஷம் ஊரில் எந்த வீட்டில் அம்மை இல்லை? என் விரல் கொன்றது என்று நான் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கோழியைக்கூட எண்ணியதில்லை.

மூட்டையில் தானியம் இருந்தது. நான் என்ன செய்வேன், மற்றப் பிள்ளைகளுக்குப் பசிக்குமே. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சமைத்துச் சஹனில் போட்டேன். உன் அம்மா உட்கார்ந்தாள். கை வைக்கவில்லை. "இதுல ஏழுல ஒண்ணு அவளுது" என்றாள். எழுந்து போய்விட்டாள். அந்த மூட்டை தீரும்வரை கீரையை அவித்துத் தனியாகத் தின்றாள். தீர்ந்த பிறகு கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன். உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்கே தெரியும்.

எழுதுகிறவர் போதும் என்கிறார், அவர் கண்ணையும் துடைத்துக்கொள்கிறார். பிள்ளைகளை முத்தமிட்டதாகச் சொல்.
பெந்தா

கேதுகு
29 மார்ச் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நலம்.

அத்தை எழுதினார்கள். அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உங்களை எடுத்துவிட்டு யாந்தே அக்காவை வரையச் சொன்னேன். எப்படி இருப்பாள் என்று தெரியாததால் என் பெரியவளைப் பார்த்து வரைந்தோம். ஏழு பேர். ஒருவருக்கு ஏழில் ஒன்று. நீங்கள் வாசலில், சட்டியோடு. தப்பிருந்தால் சொல்லுங்கள்.

தெனிங்

கேர் சாம்பா
14 ஏப்ரல் 1998

தெனிங்குக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் அமைதியா? பெருநாள் நல்லபடியாகப் போனது. விதைக்கு வைத்த கடலையை வண்டு தின்றுவிட்டது.

எழுதினாளாமா. இருபத்தைந்து வருஷம் கழித்து, ஊரான் ஒருவனைச் சந்தை வாசலில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாள். மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாளாமா? இரண்டு தரம் கூப்பிட்டாள். ஒருதரம் கூப்பிடும்போது கோலா கொட்டையை மென்றுகொண்டிருந்தாள்.

படம் பரவாயில்லை. யாந்தேக்குக் காது இப்படி ஒட்டியிருக்காது, கொஞ்சம் விரிந்திருக்கும். இடது புருவத்தில் ஒரு தழும்பு. ஆட்டுக்குட்டியோடு முட்டி விளையாடப் போய் வாங்கியது. தலையில் நாலு பின்னல். சின்னவர்கள் இடது கையால் சஹனின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், உன் படத்தில் எல்லாப் பிள்ளைகளும் கையை மடியில் வைத்திருக்கிறார்கள், அரசாங்க அலுவலகத்தில் காத்திருப்பதைப் போல. மாற்றிவிடு.

இப்போது கணக்கு சரி. கொண்டுபோய்க் கொடு.
ஞிலான்

கேதுகு
4 மே 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? நான் நலமில்லை, கோபத்தில் இருக்கிறேன்.

புத்தகத்தை ஆய்வாளர் பார்த்தார். கதை பிடித்திருக்கிறது, படம் பிடித்திருக்கிறது, ஏழு மட்டும் பிடிக்கவில்லை. "ஏழுல ஒண்ண எந்தப் பிள்ளை மடிச்சுக் காட்டும்? தாளை மடிச்சா அரை வரும், கால் வரும், அரைக்கால் வரும். ஆறாக்குங்க, இல்ல எட்டாக்குங்க. ஏழு வேணாம்" என்றார். ஆசிரியையாகக் கேட்டால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் கோபம். வட்டத்தை எட்டாக மடிப்பதை ஒரு பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். ஏழாக மடிக்க எனக்கே வராது. ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்.

ஒருத்தரை எடுத்தால் ஆறு. அக்காவை எடுக்க மாட்டேன். மற்றவர்களில் யாரை எடுக்க? யாரோ ஒரு விருந்தாளியைச் சேர்த்தால் எட்டு, அதையும் நினைத்தேன். வேற்றாள் ஒருவர் சஹனில் இருக்க, வாசலில் நீங்கள் சட்டியோடு இருக்கும் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எட்டாவது நீங்கள்தான் அம்மா. ஆனால் நீங்கள் சொல்லாமல் வரைய மாட்டேன். முன்பு செய்ததே போதும். வேண்டாம் என்றால் புத்தகம் என் பெட்டியில் இருக்கட்டும், நானும் இங்கேயே இருக்கிறேன். பிள்ளைகளுக்கு மறுபடியும் கரும்பலகையில் வட்டம் போடுகிறேன். உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தெனிங்

கேர் சாம்பா
19 மே 1998

மகள் தெனிங்குக்கு அம்மா ஞிலான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் அமைதியில் இருக்கட்டும். இங்கே சூடு தாங்கவில்லை. மழைக்கு இன்னும் ஒரு மாதம்.

அது என்ன கணக்கு, ஆறையும் எட்டையும் வெட்டத் தெரிந்த கத்திக்கு ஏழு வந்ததும் முனை மழுங்கிவிடுமா? படித்தவர்களின் கணக்கு. நாங்கள் ஏழு பேருக்குப் போட்டோம், எவருக்கும் குறைந்ததில்லை. உன் ஆய்வாளரை இங்கே வரச் சொல், கரண்டியைக் கையில் கொடுக்கிறேன்.

பத்து நாளாக இதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், ஒருமுறை படித்துவிட்டு அடுப்பில் போடு.

பெந்தா எண்ணிய அன்று நான் வாசற்படியில் நின்றிருந்தேன். நீ முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் விரல் வாலி தலைக்கு வந்ததைப் பார்த்தேன். "அண்ணி, வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாந்தேயை இழுத்து என் பின்னால் நிறுத்தியிருக்கலாம். அவள் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். நான் மூட்டையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மரக்காலைவிட ஏழு மரக்கால் பெரிது. அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்தது.

பெந்தாவுக்கு இது தெரியாது. அவள் விரலுக்காகத்தான் நான் எழுந்து போனேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் நினைக்க விட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. மீன் வாலுக்கு உண்டு, இன்னும் பலதுக்கு உண்டு, அது தனிக்கணக்கு. ஆனால் சஹனை விட்டு எழுந்தது அவளால் இல்லை. அந்தச் சோற்றை எனக்கும் தின்ன ஆசையாக இருந்தது. கை அதை நோக்கிப் போயிற்று. அதனால் எழுந்தேன்.

அந்தப் புத்தகத்தில் அவளை எண்ணுகிற இடத்தில் வாய்விட்டு எண்ணு. யாந்தே என்று பெயரும் எழுது. அவளிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டார்கள், இனி யார் காதில் விழுந்தால் என்ன. மற்றவர்களைக் குச்சி என்றே எழுது. ஆய்வாளர் சிவப்பு மையால் சுழித்தால் சுழிக்கட்டும், நம் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும்.

என்னை வரைந்துகொள். எட்டு என்றே இருக்கட்டும். பல் தெரிய வேண்டாம். பெந்தாவுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைக்காதே. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாந்தே இருக்கட்டும். அரைக்கால் பங்கு அவளுக்குத் தாராளம், கொஞ்சமாகத்தான் தின்பாள். மீனில் முள் இருந்தால் மட்டும் அப்படியே வாயில் வைத்துக்கொள்வாள், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். படத்தில் அதைப் பெந்தா செய்யட்டும். அவளுக்கு அது நன்றாக வரும். வராது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

உன் தாய்,
ஞிலான்